பதினோரு நொடி

காக்ஸ் டவுன். டயர் கடைக்கு மேலே
ரத்தப் பரிசோதனைக் கூடம். காலை ஆறே கால்.
வெறும் வயிற்றோடு பத்தொன்பது பேர்
பிளாஸ்டிக் நாற்காலிகளில்.
ஊசி தயார், குழாய் தயார்,
ரப்பர் பட்டை கட்டிய கையில் நரம்பும் தயார்.
பெயர்தான் இன்னும் வரவில்லை.

நாகவேணி பொத்தானைத் தட்டினாள்.
லேபிள் பிரிண்டர் பச்சை விளக்கோடு
எதுவும் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தது.
எண்ணினேன்.
பதினொன்றில் நாக்கை நீட்டியது:
பெயர், வயது, கறுப்புக் கோடுகள்.

“மூணு நாளா இதே கதை சார்.
நேத்து பொறுமையில்லாம ரெண்டு தடவை தட்டிட்டேன்.
ஒருத்தர் பேரு ரெண்டா வந்துச்சு.
அதுக்குள்ள அடுத்த அம்மா கையை நீட்டியாச்சு.
ரெண்டாவதைக் கிழிச்சேனா,
அந்தம்மா குழாய்லயே ஒட்டிட்டேனா,
ராத்திரி பூரா அதே யோசனை.”

எல்லோரும் செய்வதை முதலில் செய்தேன்.
அணைத்து, முப்பது எண்ணி, போட்டேன். பதினொன்று.
கம்பியைப் பிடுங்கி, ஊதி, சொருகினேன். பதினொன்று.
ஊசிக்கு முன்னால் தோலைத் துடைக்கும்
அதே ஸ்பிரிட் பஞ்சால்
அச்சுத் தலையைத் துடைத்தேன்.
படு சுத்தமாக, பதினொன்று.

“மண்டையில ஒண்ணு போடுங்க,
எங்க வீட்டு மிக்ஸி அப்படித்தான் ஓடுது” என்றார்
நான்காம் நாற்காலி தனகோட்டி.
அவருக்குச் சர்க்கரை; பசி; கோபம்.

ஒருமுறை மூன்று, ஒருமுறை முப்பது என்றால்
அது கோளாறு.
எப்போதும் பதினொன்று என்றால்
யாரோ எங்கேயோ
காத்திரு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

கம்பிக்குள் போவதைத் திரையில் வரிவரியாக விரித்தேன்.
ஒவ்வொரு லேபிளுக்கும் முன்னால்
கணினி ஒரு முகவரியைக் கூப்பிடுகிறது:
நாற்பத்தேழே, இருக்கிறாயா?
பதில் இல்லை.
இருக்கிறாயா?
பதில் இல்லை.
மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு
அந்தப் பிரதியை ஓர் ஓரமாக எடுத்துவைத்து
இந்தப் பிரிண்டர் பக்கம் திரும்புகிறது.

“நாற்பத்தேழு யாரு?”
“ரெண்டாவது கவுண்டர் பிரிண்டர். திங்கக்கிழமை
ஹென்னூர் கிளைக்கு ஆட்டோவுல போயிடுச்சே.”
ஆட்டோக்காரருக்குத் தெரியும்,
வாசல் காவலாளிக்குத் தெரியும்,
கணினிக்கு யாரும் சொல்லவில்லை.

இதை வைத்து வாழ்க்கையைப் பற்றி
இரண்டு வரி சொல்லலாம்தான்.
பத்தொன்பது பேருக்குப் பசி.
ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டேன்.

தட்டினாள். வந்துவிட்டது.
பழக்கதோஷத்தில் அவள் கை
இன்னும் கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது.

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன்.
ஓரமாகக் கிடந்த பிரதிகளை அழிக்கப்போய்
இங்கேயே திருப்பிவிட்டேன்.
மூன்று நாள் ஜனம் மொத்தமும் கரகரவென்று
தரைக்கு இறங்கியது:
ஜெசிந்தா 34, முனிரத்னம்மா 71,
கட்டத்துக்குள் இடம் போதாமல்
கடைசி எழுத்து வெட்டுப்பட்ட
ஒரு ஹனுமந்தராயப்.
மின்சாரத்தைப் பிடுங்கக் குனிந்தேன்.
“நிறுத்தாதீங்க” என்றாள்.

மண்டியிட்டுச் சுருளை வாரி இழுத்து
நேற்றைய ஏழே முக்காலைத் தேடினாள்.
ரஃபியுல்லா கான் 58.
ரஃபியுல்லா கான் 58.
அதற்கடுத்து தெரசம்மா 49.

கொக்கியில் தொங்கிய நேற்றைய கோட்டை எடுத்து
இடக்கைப் பக்கத்தை உள்ளே வெளியே புரட்டினாள்.
முழங்கை மடிப்புக்குக் கீழே
ஓரம் சுருண்டு
ஒட்டிக்கொண்டிருந்தார் ரஃபியுல்லா கான்.

அதை அவள் பிரிக்கவில்லை.
கோட்டை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.
“முடிஞ்சுதா?” என்றார் தனகோட்டி;
எங்களுக்குத் தமிழ் போதவில்லையோ என்று
“ஆய்தா?” என்றும் கேட்டார்.

ஆய்து.
கையை நீட்டுங்க.