மடியில் கனம்

சாக்ஸபோன் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்,
உள்ளே ஒரு பள்ளம் இருக்கும்.
வளைந்த கழுத்துக்கு, அகன்ற வாய்க்கு,
சிவப்பு வெல்வெட்டில் யாரோ ஒருக்களித்துப்
படுத்து எழுந்து போன மாதிரி.
அந்தப் பள்ளத்தில்
தொண்ணூறு மில்லி பாக்கெட் இருபத்தாறு கொள்ளும்.
கட்டைவிரலால் அழுத்தினால் இருபத்தேழு.

கணக்கு முனிராஜுவுடையது.
அத்திப்பள்ளியில் வாங்கி
சூளகிரியில் ஒரு பெட்டிக்கடையில் இறக்க வேண்டும்.
நடுவில் எங்கள் செட்:
தவில் ரெண்டு, சாக்ஸபோன் ரெண்டு, தாளம், சுருதிப்பெட்டி.
வேன் கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் மங்கள வாத்தியம்.
கல்யாண வேனை எவன் நிறுத்துவான்?
பெட்டிக்கு நானூறு ரூபாய்.
முகூர்த்தத்துக்கு எனக்கு வருவது எண்ணூறு,
அதுவும் பெண்வீட்டார்
மூன்று முறை பெருமூச்சு விட்ட பிறகு.

தவிலுக்குள்ளும் வைக்கலாம் என்றான்.
குர்ரப்பா கையெடுத்துக் கும்பிட்டார்:
"தோலை அவுத்துத் திரும்பக் கட்ட
உங்கப்பன் வருவானா?"

ஆக, பெட்டியில் சரக்கு.
வாத்தியம் என் மடியில்,
சரசாவின் பழைய நைட்டியில் சுற்றி,
கழுத்து என் கக்கத்தில்.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
என் மடியில் இருந்த கனம்
ஒரு பாவமும் அறியாதது.
பயம் பின்சீட்டுக்கு அடியில் இருந்தது.

ஜூஜூவாடி செக்போஸ்ட்.
தை மாதம், ராத்திரி ஒன்றேமுக்கால்.
மப்ளர் கட்டிய ஒரு எஸ்.ஐ., ஊருக்குப் புதுசு,
சட்டையில் தணிகாசலம் என்று இருந்தது.
சீட்டைத் தூக்கவில்லை, பையைக் கிளறவில்லை.
டார்ச் வெளிச்சம் வேனைச் சுற்றி வந்து
என் மடியில் உட்கார்ந்துகொண்டது.

"தொட்டில் இருக்குதில்ல?
புள்ளைய ஏன்யா மடியில வெச்சிருக்க?"

முனிராஜு சிரித்தான், பல் மட்டும்.
"பெட்டியில ஈரம் சார்" என்றேன்.
பொய்யில்லை.
அத்திப்பள்ளி வேகத்தடையில் ஒரு பாக்கெட் கிழிந்து,
நாங்கள் கொளுத்திய மூன்று ஊதுபத்தியையும் மீறி
வேன் முழுக்க அதன் பேச்சுதான்.

"வாசி, பார்ப்போம்."

ரீடு பனிக்கட்டி. உதடு காய்ந்த வாழைப்பட்டை.
விரல் தானாகப் போய் நீலாம்பரியில் நின்றது.
பிள்ளை என்று சொல்லிவிட்டாரே, வேறென்ன செய்யும்?
பின்னால் ஒரு தக்காளி லாரி
இரண்டு முறை ஹாரன் அடித்து எஞ்சினை அணைத்தது.
டீ கிளாசோடு ஒரு கான்ஸ்டபிள்
கூண்டை விட்டு வெளியே வந்தார்.
குர்ரப்பா இருட்டில் தாளம் போடுகிறார் என்றிருந்தேன்.
முழங்கால் நடுங்கியதாம்,
ஓசூர் தாண்டித்தான் சொன்னார்.

டார்ச் அணைந்தது.
"முகூர்த்தத்துக்கு எவ்வளவு?"
"நம்ம வீட்டுக் கல்யாணம்னா காசு எதுக்கு சார்?" என்றான் முனிராஜு.
எங்கள் ஆறு பேர் கூலியை
அவன் ஒரே மூச்சில் தானம் செய்தான்.

வைகாசியில் ராயக்கோட்டையில் மண்டபம்.
பட்டு வேட்டியில், தொப்பி இல்லாமல்,
அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.
ஊஞ்சல் முடிந்து மேடையோரம் வந்தார்.
என் தோளில் கை வைத்து, காதோடு:
"வாத்தியம் வந்திருச்சு. பெட்டி எங்க?
மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிறைய பேர்.
இருபத்தேழு பத்தாது."

இருபத்தேழு.
கட்டைவிரல் கணக்கு அது.
சரசாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

கெட்டிமேளத்துக்கு எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள்.
ஒன்றிரண்டு என் வாத்தியத்தின் வாய்க்குள் விழுந்தது.
ஊதினேன்.

மறுநாள் பெட்டியை மொட்டைமாடியில்
வெயிலில் விரித்துப் போட்டேன்.
ஈரம் போய்விட்டது, வாசனையும் பாதி போயிற்று.
பள்ளம்தான்,
இப்போது சின்னச் சின்னக் கட்டங்களாய் இருக்கிறது.
சாக்ஸபோனை உள்ளே வைத்தால்
ஆடுகிறது.