பதினொரு மாதம்

"ஆடி போகட்டும், ஆவணியில எழுதிக்கலாமுங்க"
என்று சாவியைக் கொடுத்தார் சென்னியப்பன்.
ஒன்று எனக்கு. இன்னொன்று அவர் இடுப்பிலேயே.

கணபதியில், மாவு மில்லுக்குப் பின்சந்தில், தகர ஷெட்.
லேத்தை இறக்கிய கிரேனுக்கே நாலாயிரம்.
தரையைக் கொத்தி, ஜல்லி கொட்டி,
போல்ட் இறுக ஏழு நாள் காத்திருந்தேன்.
கரண்ட் இணைப்பு அவர் பேரில்.

ஆவணி போயிற்று.
ஐப்பசியில் கூரை ஒழுகியது.
"நீங்களே பாத்துக்குங்க, வாடகையில கழிச்சுக்கலாம்."

எந்த வாடகையில்?
பத்தா, பன்னிரண்டா, அட்வான்ஸ் எத்தனை,
எதுவும் பேசி முடியவில்லை.
மாதம் எட்டு கொடுக்கிறேன், எண்ணாமல் வாங்குகிறார்.
ரசீது கேட்டால்
மகள் வளைகாப்புக்கு அழைக்கிறார்.

டிராயரில் பத்திரத்தாள்:
'பதினொரு மாதம்' என்று தட்டச்சு,
மற்றதெல்லாம் புள்ளிக்கோடு.

வக்கீல் பூங்கோதை கண்ணாடியைக் கழற்றினார்.
"நீங்க வாடகைதாரரா,
அவர் இருக்கச் சொன்னதால இருக்கறவரா?
பணம் வாங்கினதுக்கு
என்ன இருக்குதுங்க கையில?"

கையில் கிரீஸ் இருந்தது.

நேற்று ராத்திரி போனபோது
ஷெட்டில் விளக்கு எரிந்தது.
யாரோ இருவர் டேப் பிடித்து அளந்தார்கள்,
என் லேத்தைத் தூண் போலச் சுற்றிப்போய்.

"சும்மா பாக்க வந்தாங்கங்க" என்றார் சென்னியப்பன்.

நானும் சும்மாதான் நின்றேன்.
அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க என்றார்கள்.
பிடித்தேன்.
சுவரோடு அழுத்தி, குனிந்து,
இருபத்திரண்டு அடி
என்று படித்தும் சொன்னேன்.