இடக்கை

தகடு இரண்டு கை அகலம்கூட இல்லை.
ட்ரெந்தச் சதுப்பின் ஒரு முழு நாளை
ஊசியால் நேரே அதில் கீறிக்கொண்டு வந்திருக்கிறார்
ஓவர்த்வைன்:
வாய்க்கால், கைவண்டி, அடுக்கிய கரிமண் கட்டிகள்,
முழங்கால்வரை குழிக்குள் நிற்கும் ஒருவன்.

தகட்டைச் சூடாக்கினால்தான் மை இறங்கும்.
பட்டறை அடுப்பில் எரிவதும் கரிமண்தான்.
அவன் வெட்டியதாகவே இருக்கலாம்.

அழுத்தித் துடைத்தால் வானம் வெளுக்கும்.
என் கை கொஞ்சம் சோம்பினால் மழை.
அவர் கேட்டது மழை.
க்ரோனிங்கன் நகரத்தார்
மழைப் படத்துக்கு அரை கில்டர் கூடத் தருகிறார்கள்,
நனையாத கூடத்தில் மாட்டுவதற்கு.

உருளையைச் சுற்றி, கம்பளம் விலக்கி,
ஈரத்தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தேன்.
தொப்பியின் கிழிசல் முதலில் வந்தது.
லுப்பெர்ட்!
என் தங்கை ஃபென்னாவின் புருஷன்.
கூன் அவனுடையது, தாடை அவனுடையது,
கை மட்டும் யாருடையதோ.

அவன் பிறவி இடக்கைக்காரன்.
கட்டிகள் வண்டி நிற்காத பக்கம் விழுகின்றன என்று
மேஸ்திரி ஏழு வருஷம் கூலியில் பிடித்தான்.
பிடித்தது போக மிச்சம்
மேஸ்திரியின் மைத்துனன் கடையில்
புழுத்த மாவாக வந்தது.
அப்போதும் கை மாறவில்லை.

ஏழு வருஷத்தில் ஆகாததை
உருளை ஒரே சுற்றில் முடித்துவிட்டது.
செம்பில் இடம், தாளில் வலம்.
"நல்ல பதிப்பு" என்றார் ஓவர்த்வைன்.
ஓரத்தில் பென்சிலால் எண் இட்டார்:
நாற்பதில் ஒன்று.

எங்கோ ஒரு தேசத்தில்
செம்பில் எழுதி நிலம் கொடுப்பார்களாம்.
லுப்பெர்ட்டுக்குச் செம்பில் கிடைத்தது
அவன் நிற்கும் குழி.

மூன்றாம் தாளில் மை திட்டாகிவிட்டது.
கழித்ததை மடித்து
கரிப் படகுக்காரனிடம் கொடுத்தனுப்பினேன்.

நான்கு வாரம் கழித்து ஃபென்னாவின் கடிதம்.
குழந்தைக்கு இருமல்.
லுப்பெர்ட்டுக்கு அரை நாள் வேலைதான்.
கண்ணாடி உடைந்த சன்னலில்
படத்தை வெளியே பார்க்க ஒட்டியிருக்கிறார்களாம்,
எண்ணெய் மை மழைக்குத் தாங்குமென்று.

அப்படியானால்
காலை வெயில் தாளை ஊடுருவும்போது
குடிசைக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு
அவன்
இடக்கையால்தான் வெட்டுவான்.

கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.
காற்று நின்றுவிட்டது என்று மட்டும்
இரண்டு முறை எழுதியிருந்தாள்.