இரண்டாம் கொதி

ஜன்னலைத் திற என்றாள் மார்கெத்தா.
மே மாதம். ஏரியோரம் இன்னும் பனிக்கட்டி.
மேசையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டிய காளான்கள்.
பின்லாந்தில் இதற்குக் காதுக்காளான் என்று பெயர்,
பார்த்தால் கசங்கிய மூளை.

பச்சையாய்த் தின்றால் ஆள் காலி.
ஆவியும் ஆகாது.

முதல் கொதி. வடித்தாள், அலசினாள்.
தங்கை வீட்டை விற்ற கணக்கில்
நேற்று இல்போ விட்ட சொல்
இன்னும் அடுப்படியில்தான் நின்றது.

இரண்டாம் கொதி.
அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அவன் பார்த்தான்.

வெண்ணெய், வெங்காயம், பாலேடு,
ஒரு சிட்டிகை வெள்ளை மிளகு.
ரை ரொட்டியில் பரப்பி நீட்டினாள்.

"ஐந்து நிமிஷம் ஆச்சா?"
"ஏன், சந்தேகமா?"

கடித்தான். மெல்ல மென்றான்.
உப்பு போதாது என்றான்.

அதே துண்டை வாங்கி
அவன் கடித்த பக்கமே கடித்தாள்.
ஆமாம்,
போதாதுதான்.