புள்ளிக்குள் ஒரு வட்டம்

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால்
பேனர் கேட்டு யாரும் வருவதில்லை.
அந்தக் கிழமை மேசையில் ஒரே வேலை:
மூக்குக்கண்ணாடிக் கடை நவ்ஷாத் நானாவின் பெயர்ப்பலகை.

"கண் டொக்டர் ஒரு புத்தகம் காட்டுவாரே தங்கச்சி,
வட்டம் வட்டமா, நடுவுல ஒரு இலக்கம் ஒளிஞ்சிருக்கும்.
அதே மாதிரி.
இலக்கத்துக்குப் பதிலா 'பார்வை'ன்னு வரணும்."
முற்பணம் இரண்டாயிரம். மீதி சனிக்கிழமை.

பாமினியில் தட்டினேன்.
பிறகு எழுத்தை வெறும் கோடாக மாற்றினேன்.
இனிமேல் அதில் பிழை திருத்த முடியாது,
அது எழுத்தில்லை, ஒரு வேலி.
உள்ளே குடியேற்ற வேண்டியது வட்டங்களை.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் வட்டம்,
விரல் தவறினால் முட்டை.
அகலமான இடங்களில் முதலில் பெரியவை,
அவற்றுக்கு நடுவே சுண்டைக்காய்,
மிச்ச இடுக்குக்கெல்லாம் கடுகு.
ஒன்றை ஒன்று தொடக்கூடாது,
தொட்டால் அச்சில் மை ஒட்டிக்கொள்ளும்.
தானாய் நிரப்பும் வழியும் இருக்கிறது.
அது கரையோரமெல்லாம் பாதி வட்டங்களைக் கடித்துத் துப்பும்.
கையால்தான் செய்தேன்.

'ப'வுக்கு நாற்பத்தொன்று.
அரவுக்கு முப்பதுக்கு மேல், எண்ணிக்கை விட்டுப்போனது.
ஐகாரம் சுழிக்கிற இடத்தில் மட்டும் ஒரு மணித்தியாலம்.
'ர்' தலையிலிருந்த புள்ளிக்கு வந்தபோது
தனியாகச் சிரித்தேன்.
வட்டத்தை வட்டத்தால் நிரப்ப என்ன இருக்கிறது?
ஒன்றே ஒன்று வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

எழுத்துக்குள் சிவப்பு, செம்மஞ்சள்.
வெளியே ஐந்து பச்சை,
ஜன்னலுக்கு எதிர் மலையிலிருந்து எடுத்தவை:
கொழுந்து, முற்றல், கவ்வாத்து முடிந்து துளிர்க்கும் நிரை,
சவுக்கு, பாசி பிடித்த கூரைத்தகரம்.

லெமினேட் ரோலைத் தோளில் சுமந்து கிங்ஸ்லி வந்தான்.
"எப்படி?" என்றேன்.
குனிந்து பார்த்தான்.
"வட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு.
எழுத்த எப்ப போடப் போற?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.
"பானாவத் தொடு பார்ப்போம்."
திரையில் அவன் விரல்
எழுத்தே இல்லாத மூலையில் போய் நின்றது.

நாலு வருஷமாய் இந்தக் கடையில்
இயந்திரத்துக்கு மை ஊற்றுகிறவன் அவன்.
ஒருநாளும் மாற்றி ஊற்றியதில்லை.
"போத்தல்ல எழுதியிருக்குல்ல," என்றான்,
"சீ, எம், வை, கே."
எழுத்தைப் பார்த்து நிறம் தெரிந்துகொள்கிறவனிடம்
நிறத்துக்குள் எழுத்தை ஒளித்துக் காட்டியிருக்கிறேன்.

"சின்னதுல பந்து புல்லுக்குள்ள விழுந்தா
எல்லாரும் நேரா ஓடிப்போய் எடுப்பானுக.
எப்பிடிடா இவனுகளுக்குத் தெரியுதுன்னு இருக்கும்.
எனக்குக் கண்ணுல சுறுசுறுப்பு பத்தாதுன்னு
கீப்பராவே நிப்பாட்டிட்டானுக."
சொல்லிவிட்டு ரோலை இறக்கி வைத்தான்.

திரையைச் சாம்பலாக்கிப் பார்த்தேன்.
எனக்கும் எழுத்து போய்விட்டது.
சிவப்பும் பச்சையும் ஒரே கனம், ஒரே சாம்பல்.

நானாவுக்குப் போன் எடுத்தேன்.
"சில பேருக்குப் பெயரே தெரியாது நானா."
"தெரியாதவங்கதானே புள்ள கடைக்கு வரணும்!"
அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.
"உங்க கண்ணாடி போட்டாலும் தெரியாது" என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் மழைச்சத்தம் மட்டும்.
"அப்ப செய்றதச் செய்யுங்க. காசு அதேதான்."

கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே இருக்க
எழுத்துக் கூட்டத்தை மொத்தமாய்ப் பிடித்து
இருட்டுப் பக்கம் நகர்த்தினேன்,
பத்து, இருபது, முப்பது.
சிவப்பு காய்ந்த ரத்தமானது.
நான் நினைத்த அழகு அதில் இல்லை.

"இரு, இரு," என்றான் கிங்ஸ்லி.
"வருது."
கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"பா… ர… வை.
பாரவையா? என்ன பேரு இது?
மேல புள்ளிய விட்டுட்டியே."

பார்த்தேன்.
கூட்டத்தோடு சேர்க்க மறந்த அந்த ஒற்றை வட்டம்
பழைய சிவப்பிலேயே
பளிச்சென்று இருந்தது எனக்கு.