வந்த காரணம்

காந்தி ரோட்டில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
முப்பத்திரண்டு அறை லாட்ஜ்.
நான் ரிசப்ஷன்.
பதினோரு வருஷமாக.

பெயர்ப்பலகையில் மூன்று மொழி.
மூன்றாவதை வாசிக்கத் தெரியாது, பேச வரும்.
கல்கத்தாவுக்கு அப்பாலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து
காட்பாடியில் இறங்கி
ஃபைலோடு நிற்பவர்களிடம்
முதலில் நான் நீட்டுவது சாவி.
அவர்கள் அதைச் சாபி என்பார்கள்.
ஒரு எழுத்துதான் வித்தியாசம். கொஞ்சம் சிரிப்போம்.

பிறகு ஸ்கேன் வரும்.
இருநூற்று நாலில் சிறுநீரகம், நூற்று ஆறில் ரத்தம்,
மாடி மூலை அறையில்
ஏழு வயசுப் பையன், மொட்டைத் தலையில் கிரிக்கெட் தொப்பி.
எல்லோரும் கவுண்ட்டரில் முழங்கை ஊன்றித்தான் கேட்பார்கள்:
"தீதி, டாக்டர் இப்படிச் சொன்னார், அப்படியென்றால் என்ன?"
எனக்கென்ன தெரியும், நான் பி.காம்.
ஆனாலும் கேட்டேன். கேட்டதையெல்லாம்
டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
குழம்பு கொதிக்கையில் நூற்று ஆறும் கொதித்தது.

பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை.
முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைத்து அழுக விட்டேன், மூன்று வாரம்.
எண்ணெயில் வதங்கினால் வெண்ணெயாகும் காய்,
எனக்கு உயிர்.
தங்கை மலர்க்கொடியின் போனை எடுக்கவில்லை.
குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம்கூட அதிகமாக இருந்தது.
வெயில் என்றேன்.
வேலூரில் எந்தப் பழியையும் வெயில் மேல் போடலாம்,
நம்பிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு செவ்வாய்.
பதிவேட்டில், பெயர் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதியிருந்தேன்.
நாகஜோதி. வயது நாற்பத்து மூன்று. ஊர் பாகாயம்.
வந்த காரணம்:
பேனா அங்கே நின்றது.
எதிரே பர்தமானிலிருந்து வந்த அம்மாள்
கைப்பையை நெஞ்சோடு அணைத்துக் காத்திருந்தாள்.

அடித்துவிட்டு, அவள் பெயரை எழுதி, சாவி கொடுத்து,
ரூம் பையன் பிகாஷைப் பெட்டி தூக்கச் சொல்லிவிட்டு
பாத்ரூமில் போய் நின்றேன்.
அழுகை வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது.

இந்த ஊர் மேல் ஒரு பழைய கேலி உண்டு:
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை.
அன்று நாலாவதாக என்னைச் சேர்த்துக்கொண்டேன்,
ஆளில்லாத நாற்காலி.

மறுநாள் ரோட்டைக் கடந்தேன். முப்பது அடி இருக்கும்.
ஊர்பட்ட ஜனத்துக்கு வழி சொன்ன அதே கேட்.
சீட்டு எழுதுகிறவள் தலை நிமிராமல்
"என்ன பிராப்ளம்?" என்றாள்.
"இன்னும் வரவில்லை" என்றேன்.
"வருகிற மாதிரி இருக்கிறது."
நிமிர்ந்தாள்.

மாத்திரை ஒன்றும் தரவில்லை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.
எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார்கள்.
அதை யாரும் கேட்டதில்லை என்னிடம்.

இப்போது ஆறு மணிக்கு எனக்கும் செக்-அவுட்.
முதலாளி முணுமுணுத்தார். அப்புறம் மருமகனை உட்கார வைத்தார்.
தொரப்பாடியிலேயே பஸ்ஸை விட்டு நடக்கிறேன்,
அந்தத் தூரம் முழுக்க யாருக்கும் எந்த உறுப்பும் கிடையாது.
சில நாள் சோம்பல், நடப்பதில்லை.
மலர்க்கொடி போனில் மாமியாரைத் திட்டுகிறாள்,
வியாதி இல்லாத சண்டை, காதுக்கு இதமாக இருக்கிறது.
ஸ்கேனை நீட்டினால்
"எனக்குத் தெரியாதுங்க. டீ சொல்லட்டுமா?" என்கிறேன்.
முதல் வாரம் அது துரோகம் போல இருந்தது.

நேற்று மாடி மூலை அறை காலியானது.
ஆறு மாதம் கழித்து வருவோம் என்றார் அப்பா.
பையன் கவுண்ட்டருக்கு எக்கி
சாவியை வைத்து,
"சாவி" என்றான். சரியாக.

ஆட்டோ திரும்பியதும் அழுகை வந்தது.
அப்பாடா என்றிருந்தது.
மணி ஐந்து ஐம்பது.
பத்து நிமிஷம் இருந்தது, அழுதேன்.
பிறகு கத்திரிக்காய் வாங்கப் போனேன்.