நூற்றுக்கு நூறு

வெள்ளகோவிலுக்குத் தெற்கே நொச்சிவலசு.
இலக்கு: இருநூற்றுப் பதினான்கு குழாய்.
எட்டியது: இருநூற்றுப் பதினான்கு.
இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவர
நாளுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்கு
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

ஒன்றுதான்.
ஊராட்சிச் செயலர் நாச்சிமுத்து
வண்டியை அணைக்காமலே காட்டிக்கொண்டு வந்தார்.
வாசலுக்கு வாசல் நீலத் திட்டு, அதில் ஒரு குழாய்.
பூட்டிய வீட்டுக்கும் உண்டு.
தெய்வாத்தாள் வீட்டுக் குழாயில்
எருமைக்கன்று கட்டியிருந்தது.

'தண்ணி வருதுங்களா?'
'வந்துச்சுங்க. போட்டோப் புடிச்சு முடிக்கற வரைக்கும்
நல்லாத்தான் வந்துச்சு.'
கேள்வி பதினொன்று, குழாய் உள்ளதா.
பன்னிரண்டு, எந்த ஆண்டு அமைத்தது.
பதிமூன்று கழிப்பறைக்குப் போய்விடுகிறது.

தறிக்குடோனுக்குப் பின்னால்
ஒரே தகரக் கூரையில் பதினெட்டுக் கதவு.
'அது லிஸ்ட்ல இல்லீங்க. கார்டெல்லாம் ஒடிசாவுல'
என்று வண்டியைத் திருப்பினார்.
பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி:
பள்ளிக்கூடத்தில் படித்தது.
தொகுதிக்கு வேண்டியதைச் செய்ய முடியாவிட்டால்
பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது
வேலைக்கு வந்த பிறகு.

நான் இறங்கி நடந்தேன்.
வால்வுக் குழியருகே குந்தியிருந்தாள் சஞ்சுக்தா,
இரவு ஷிப்டின் பஞ்சு இன்னும் புருவத்தில்.
விட்டுப்போன இணைப்பில் கசிவதை
டம்ளரால் மொண்டு மொண்டு கேனில் ஊற்றுகிறாள்.
பின்னால் இன்னும் பதினேழு கேன்.
எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

கரிக்கவில்லை.
இந்தக் காட்டில் எந்தப் போரிலும் ஊறாத ருசி.
ஆற்றுத் தண்ணீரேதான்.
மேட்டுக்கு மேடு பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவந்தது
பட்டியலில் இருக்கிற எந்த வாசலுக்கும் போகாமல்
பட்டியலில் இல்லாத பதினெட்டுக்கு
வந்து சேர்ந்திருக்கிறது.

எழுதினால் நாளைக்கே ஆள் வருவான்,
இணைப்பை இறுக்கிக் குழியை மூடிவிட்டுப் போவான்.
அதற்குப் பிறகு தெய்வாத்தாளுக்கு வருமா,
எனக்குத் தெரியாது.
எழுதாவிட்டால் நூற்றுக்கு நூறு.

குறிப்புரைக் கட்டத்தில் நாற்பது எழுத்துக்கு இடம்.
தண்ணீர் என்று அடித்தேன். நாலெழுத்து.
கருவி ஏழு என்கிறது.
புள்ளியையும் சுழியையும் தனித்தனியே எண்ணுகிறது,
புள்ளியியல் துறைக் கருவி.
மீதி முப்பத்து மூன்று.

நாச்சிமுத்து ஹாரன் அடிக்கிறார்.
கேன் பாதிகூட நிறையவில்லை.